சென்னைக்குக் குடிவந்தபின் எந்தச் சபையில் சேர்வது? சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன்: ஓர் ஒப்பீடு

ஊரிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வரும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வீடும் பள்ளிக்கூடமும் கேஸ் இணைப்பும் சீக்கிரம் அமைந்துவிடும். சபை அமையத்தான் நாளாகும். நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) பிறந்து வளர்ந்தவர்கள். தாம்பரம் பக்கம் குடிவந்தபோது, பக்கத்தில் இருக்கிற கோயிலுக்குப் போய்க்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் நடந்து போகிற தூரத்திலேயே அத்தனை சபைகள். எங்களோடு இருக்கும் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. மகள் பிளஸ் ஒன், மகன் நாலாம் வகுப்பு. எல்லாருக்கும் பொருந்துகிற இடமாகத் தேட வேண்டியிருந்தது.

பல சபைகளுக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம். அங்கே உறுப்பினராகச் சேர என்ன கேட்பார்கள், அதை வீட்டில் யாரிடம் கேட்பார்கள் என்பது பாட்டு பிடித்துப்போன பிறகுதான் தெரியவரும். அப்போது பின்வாங்குவது கஷ்டம், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. அதனால் அந்தக் கேள்வியை முதலில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

சி.எஸ்.ஐ.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகி உருவானது தென்னிந்தியத் திருச்சபை. இது பழைய செய்தி போலத் தெரியும், ஆனால் கோயில் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் உதவும். திருநெல்வேலியில் சி.எஸ்.ஐ. என்றால் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் வழிதான். சென்னையில் அப்படியில்லை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்களுக்காக 1821-ல் எழும்பியது. ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் பெயருக்கேற்ப மெதடிஸ்ட் வழி. எல்லாமே இன்று ஒரே திருச்சபைதான், ஆனாலும் ஆராதனையின் நடையில் பழைய வேர் தெரியும். 'ஒரு சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போனோம், ஒட்டவில்லை' என்று சொல்கிறவர்கள் இன்னொரு சி.எஸ்.ஐ. கோயிலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சேர்வதற்குக் கேட்பது மிகக் குறைவு. ஊர்ச் சேகரத்தின் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டம்) குருவானவரிடமிருந்து சபை மாற்றுக் கடிதம் வாங்கிவர வேண்டும், அப்புறம் சந்தா கட்ட வேண்டும், அவ்வளவுதான். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லும், திடப்படுத்தலும் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்வது) செல்லும். அத்தையிடமும் பையனிடமும் புதிதாக எதுவும் கேட்பதில்லை.

1950-ல் இந்தத் திருச்சபை தனக்கென வகுத்துக்கொண்ட திருவிருந்து ஆராதனையில், பீடத்திலிருந்து தொடங்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் சமாதான வாழ்த்து உண்டு. ஊரில் பழக்கத்தில் செய்துவிடுவோம். பெயர் தெரியாத ஊரில், பக்கத்து பெஞ்சிலிருக்கும் பாட்டி இரண்டு கையாலும் நம் கையைப் பிடித்து 'சமாதானம்' என்று சொல்லும்போதுதான் அதன் அருமை புரிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013-ல் நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா அவர்கள் பொறுப்பேற்றார், இந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். பீடத்தில் பெண் நிற்பதை என் மகள் இயல்பான காரியமாகப் பார்த்து வளர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மற்ற சபைகளை எடைபோடும்போதும் அது என் மனதில் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய கோயில்களில் புதிதாக வந்தவர்களை யாரும் கவனிப்பதில்லை. நாங்கள் மாதக்கணக்கில் போய்வந்த ஒரு கோயிலில் வாசலில் நின்ற கமிட்டிக்காரருக்குக்கூட எங்கள் பெயர் தெரியாது. அடுத்தது தேர்தல். சேகர கமிட்டியிலிருந்து திருச்சபை முழுவதற்குமான சினாட் வரை எல்லாவற்றுக்கும் தேர்தல் உண்டு, அதற்கு அணிகளும் உண்டு. 2024-ல் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்குப் போனது. ஒரு விசுவாசியாக அதை வாசிக்க மனம் நோகிறது. ஆனாலும் கணக்குக் கேட்க ஓர் உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது, கேட்கப் போக ஒரு நீதிமன்றமும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் மதிப்பு, தனிச்சபைகளைப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது. அதைக் கீழே சொல்கிறேன்.

லுத்தரன்

1706-ல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியதிலிருந்து தொடரும் மரபு. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற அமைப்பு 1919-ல் வந்தது. சி.எஸ்.ஐ.யிலிருந்து போகிறவர்களுக்கு இங்கேயும் மறு ஞானஸ்நானம் கிடையாது, கடிதம் போதும். ஐயரும் (குருவானவர்) சபையுமாக மாறிமாறிப் பாடுகிற ஆராதனை முறைமை. ஜெர்மன் ராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, வேப்பேரியில் ஊழியம் செய்த பெப்ரீசியுஸ் போன்றவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். நிதானமான பாட்டு. என் வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

நாங்கள் தேடிப் போன லுத்தரன் ஆலயம் தாம்பரத்திலிருந்து தொலைவு. மின்சார ரயிலில் போய், அப்புறம் பஸ் பிடித்து, அத்தையை நடக்கவைத்துக் கூட்டிப்போக வேண்டும். ஞாயிறு ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். வாரத்தில் ஒரு ஜெபக்கூட்டம், லெந்து (தவக்கால) நாட்களில் கூடுதல் ஆராதனை, பையனுக்கு ஓய்வுநாள் பாடசாலை என்று வரும்போது தூரம் ஆளைத் தள்ளிவிடும். சபை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்தால் குருவானவர் வந்து ஜெபித்துவிட்டுப் போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

பெந்தெகொஸ்தே

இந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது தவறு.

முதலாவது ஏ.ஜி. (அசெம்பிளீஸ் ஆஃப் காட்) மாதிரியான பெரிய அமைப்புகள். 1973-ல் பாஸ்டர் டி. மோகன் தொடங்கிய சின்னமலை புதுவாழ்வு ஏ.ஜி. சபை சென்னையில் எல்லாருக்கும் தெரிந்தது. அங்கே ஞாயிறன்று பல ஆராதனைகள், பல மொழிகளில். இந்த வகைச் சபைகளில் புதியவர்களை வரவேற்கிற விதத்தை மற்ற எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் போன ஒரு சபையில் முதல் நாளே பெயர், போன் நம்பர், ஜெபக் குறிப்பு எழுதி வாங்கினார்கள். அந்த வாரமே ஒரு சகோதரி போன் செய்து அத்தையின் சர்க்கரையைப் பற்றி விசாரித்தார். திரையில் பாட்டு வரிகள், டிரம்ஸ், கீபோர்டு. மகள் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலில் புரியாத மொழியில் ஜெபிப்பது, அத்தைக்குப் பயமாக இருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. 1860-ல் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே அருளப்பன் ஐயாவின் ஊழியத்தைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷை இருந்தது. பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவக் காரணமான 1906-ன் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முந்தியது அது.

இங்கே உறுப்பினராக வேண்டுமானால் விவரம் தெரிந்த வயதில், தண்ணீரில் முழுகி, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். நம்மில் பலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். சின்ன விஷயம் இல்லை. தண்ணீரில் இறங்குகிறவர், குழந்தையில் தனக்குக் கிடைத்தது ஞானஸ்நானமே இல்லை என்று சொல்லித்தான் இறங்குகிறார். அதைப் பெற்றுத்தந்த பெற்றோரின் விசுவாசத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறார். வேதத்தை வாசித்து, அதுதான் சரி என்று மனதார நம்பி எடுக்கிறவர்களை நான் மதிக்கிறேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது. அத்தையிடம் கேட்டேன். "எனக்கு எங்க ஐயர் குடுத்த ஞானஸ்நானம் போதும்ளா" என்றார்கள். அதற்கு மேல் அவர்களை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. அப்படியானால் அத்தை அங்கே எத்தனை வருஷம் வந்தாலும் விருந்தாளிதான்.

இரண்டாவது தனிச்சபைகள். வாடகை மாடியில், கல்யாண மண்டபத்தில், ஷீட் போட்ட கூடத்தில் நடப்பவை. பாஸ்டரே தொடங்கியது, பாஸ்டரைச் சுற்றியே நடப்பது. இரவு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து ஜெபிக்கிற நல்ல ஊழியர்களை இங்கேதான் அதிகம் கண்டேன். ஆனால் சேருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். இடம் யார் பெயரில் இருக்கிறது? தசமபாகக் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கணக்கை யார் பார்க்கிறார்கள்? பாஸ்டருக்கு அடுத்து யார்? ஒரு சபையில் இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கமே 'அபிஷேகம் பண்ணப்பட்டவனைக் கேள்வி கேட்கலாமா' என்பதாக இருந்தது. நாங்கள் அதற்கப்புறம் போகவில்லை. சி.எஸ்.ஐ. தேர்தல் சண்டையை நினைத்து எனக்கு ஓரளவு ஆறுதல் வந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது தி பெந்தெகொஸ்தே மிஷன். இலங்கையில் தொடங்கி, சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் என்று அறியப்பட்டது. தலைமையகம் எங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, இரும்புலியூரில். ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை, விசுவாச வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள், வெள்ளை உடை. அவர்களிடம் ஓர் ஒழுங்கும் பணத்தின்மேல் பற்றில்லாத தன்மையும் தெரிகிறது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். விசுவாசிகள் நகை அணிவதில்லை. ஆண்களுக்கு அது ஒரு மோதிரத்தோடு முடிந்துவிடுகிறது. பெண்களுக்குத் தாலி வரை போகிறது. சிலுவை பொறித்த தாலியைக் கழற்றுவது பற்றி முடிவெடுக்க வேண்டியவள் நான், என் வீட்டுக்காரர் இல்லை. நகைகூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தெய்வீக சுகம் முக்கியமான போதனை, மருந்தை நாடாமல் கர்த்தரையே நம்பச் சொல்கிறார்கள். தினமும் இன்சுலின் போடுகிற அத்தையை, ஊசி போடும்போதெல்லாம் தன் விசுவாசம் குறைவோ என்று யோசிக்கவைக்கிற இடத்துக்கு நான் கூட்டிப்போக மாட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரதரன்

வேதத்தைக் கற்க வேண்டுமென்றால் இவர்களிடம் போகலாம். பட்டம் பெற்ற போதகர் இல்லை, சகோதரர்களே எழுந்து வசனத்தை விளக்குகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்குதல் உண்டு. சிபாரிசுக் கடிதம் இல்லாமல் புதிதாகப் போகிறவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், அப்பத்தில் பங்கில்லை. பெண்கள் முக்காடிட்டு மௌனமாக இருக்க வேண்டும். என் மகள் வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, நான் ஜெபம் பண்ணணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பிரதரன் சபை அந்தக் கேள்வியோடு முடிந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையை நாங்கள் இந்தத் தேடலில் வைக்கவில்லை. தனியாக எழுத வேண்டிய விஷயம் அது.

எல்லாச் சபையிலும் வருகிற ஒரு கேள்வி

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், 'சொந்த ஊர் எது?' நாங்களும் சந்தோஷமாகச் சொல்லுவோம். அடுத்தது, 'ஊரில் எந்தத் தெரு?' அதற்கடுத்தது, 'அப்பா பெயர்?' மூன்றாவது கேள்வியில் என்ன தேடுகிறார்கள் என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவு போட்டது 1833-ல். இருநூறு ஆண்டுகள் ஆகப்போகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் இந்தக் கேள்வி வாசலில் வருவதில்லை, அது உண்மையிலேயே நல்லது. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது அங்கேயும் வந்துவிடுகிறது. சபை தேடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்து ஆட்களா, யார் வீட்டு அசனத்தில் (விருந்தில்) யார் பரிமாறுகிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தானா? இதில் தேறாத சபையில் பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் பிள்ளைகள் வளர வேண்டாம்.

நாங்கள் சேர்ந்த இடம்

கடைசியில் தாம்பரம் பக்கத்திலேயே ஒரு சின்ன சி.எஸ்.ஐ. சபையில் சேர்ந்தோம். எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரிகிற அளவுதான் கூட்டம். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. பாட்டு சுமார்தான். வாலிபர் கூட்டம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை, மகளுக்கு அது குறையாகவே இருக்கிறது. சனிக்கிழமை மாலை அவள் முன்பு போன ஏ.ஜி. சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போய்வருகிறாள். குருவானவருக்கும் அங்குள்ள பாஸ்டருக்கும் தெரியும், இரண்டு பேரும் தடுக்கவில்லை. பதினெட்டு வயதுக்கு மேல் அவள் வேதத்தை வாசித்து முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பேன் என்று வந்து நின்றால், அவளோடு உட்கார்ந்து பேசுவேன், தடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் இளையவர்கள், எல்லாருக்கும் ஒரே மனம் என்றால் ஏ.ஜி. போன்ற சபையில் நீங்கள் நன்றாக வேரூன்றலாம். பெரியவர்கள் கூட இருந்தால், சி.எஸ்.ஐ.யோ லுத்தரனோ, எது வீட்டுக்குக் கிட்டே இருக்கிறதோ அதிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே சந்தா பாக்கியைக் கட்டி மாற்றுக் கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழையும் சேர்த்து வாங்குங்கள். சில கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் அட்மிஷனுக்கும் அதைக் கேட்கிறார்கள். இங்கிருந்து போன் போட்டுக் கேட்டு, சேகரத்தில் குருவானவர் மாறிப்போய், பதிவேட்டைத் தேடி எடுத்து அனுப்புவதற்குள் திடப்படுத்தல் வகுப்பே முடிந்துவிடும்.