கினபாலு மலை ஏறக் காசு கட்டப் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள்

முந்தநாள் இரவுதான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 360,000 ரூபா. எனக்கும் மகனுக்கும் மலேசியாவில் கினபாலு மலை ஏற என்று இங்கே நகரில் ஒரு பயண முகவரிடம் கட்டிய காசு. அந்த மலையில் ஒரு அடி கூட நாங்கள் வைக்கவில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுக்க முதல் பெயரை எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு என்மேல் திருப்புவார்கள் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். விமான ரிக்கற், விசா, வெளிநாட்டு ரூர் எல்லாம் செய்து தருகிற, மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.

மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான். சின்ன வயதில் இருந்தே மலை என்றால் உயிர். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? கீரிமலை என்று பெயர், அங்கே போனால் கடலும் கேணியும். போன வருடம் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2,243 மீற்றர். உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போதே கேட்டான், "அப்பா, இதைவிடப் பெரிசு ஒண்டுக்குப் போவமே?" பரீட்சை முடியட்டும் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்படித்தான் கினபாலு வந்தது. போர்னியோத் தீவில், சபா மாநிலத்தில் இருக்கிறது. 4,095 மீற்றர். உயரம் பெரிதென்றாலும் மலையேற்றம் படித்தவர்கள்தான் ஏறலாம் என்று இல்லை. முதல் நாள் காட்டுப் பாதையில் 6 கிலோமீற்றர் ஏறி, பனலாபான் என்ற இடத்தில் 3,272 மீற்றர் உயரத்தில் படுக்க வேண்டும். விடியப்புறம் 2.30 போல எழும்பி, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, வெறும் கருங்கல் பாறையில் கயிற்றைப் பிடித்தபடி ஏறினால் சூரியன் கிளம்பும் நேரம் உச்சியில் நிற்கலாம். அதற்காக இரண்டு பேரும் ஐந்து மாதம் கல்லுண்டாய் வெளியில் விடியக்காலை முதுகில் பையோடு நடந்தோம். எனக்கு 50 வயது. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிப் பூசி நடந்தேன்.

விமான ரிக்கற்றை நானே எடுத்தேன். மலைக்குத்தான் இந்த ஆளிடம் போனேன். ஏனென்றால் அனுமதியும் தங்குமிடமும் கிடைப்பது கஷ்டம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு என்று வாசித்திருந்தேன். இப்படியான விஷயத்தைத் தொழிலாகச் செய்கிறவர் கையில் கொடுப்பது நல்லது என்று நினைத்தேன்.

நான் நம்பியது எந்த இடத்தில் என்று இப்போது வடிவாக விளங்குகிறது. கதைத்துக்கொண்டு இருக்கும்போது என் அப்பப்பா மலாயாவில் ரயில் பகுதியில் வேலை செய்து பென்சனோடு ஊருக்கு வந்தவர் என்று சொன்னேன். முகவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "அண்ணை, எங்கட தாத்தாவும் மலாயன் பென்சனியர்தான்!" பிளேன்ரீ வந்தது. தாத்தாவின் கதை வந்தது. மகனின் தோளில் தட்டி, "தம்பி, உச்சியில நிண்டு எனக்கு ஒரு படம் அனுப்ப வேணும், சரியோ?" என்றார். அவனுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலில் 200,000, மனைவியின் சீட்டுக் காசு. அடுத்த மாதம் 160,000. இரண்டும் கையில் கொடுத்த காசு. வங்கியில் போட்டால் நாணய மாற்று விகிதம் கூட வரும் என்று ஏதோ விளக்கம் சொன்னார்.

அவர் தந்த பற்றுச்சீட்டு இப்போது மேசையில் என் முன்னால் இருக்கிறது. நீல மையால் எழுதியிருக்கிறார்: "மலேசியா ரூர் – 2 பேர் – முழுப்பணம்". மலையின் பெயர் இல்லை. திகதி இருக்கிறது, ஆனால் அது காசு வாங்கிய திகதி, ஏறும் திகதி இல்லை. இதை அன்றைக்கே ஒருக்கா திருப்பிப் பார்த்திருக்கலாம்.

சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவில் இருந்து இரண்டு மணித்தியாலம் வாகனத்தில் போய், காலை 7.30க்குக் கினபாலு பூங்காத் தலைமையகத்தில் நின்றோம். குளிர். வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, பெயர் அச்சடித்த அட்டையை நாடாவில் கோர்த்துக் கொடுக்கிறார்கள். அதைக் கழுத்தில் போட்டால்தான் மலைப்பாதை தொடங்கும் திம்போஹோன் வாசலைத் தாண்டலாம், மேலே சயாட் சயாட் என்ற சாவடியிலும் அதைத்தான் பார்ப்பார்களாம். எங்கள் முறை வந்தது. அட்டை கொடுக்கிற பிள்ளை பட்டியலில் விரலை வைத்து மேலே இருந்து கீழே வந்தாள். திரும்ப மேலே போனாள். கடவுச்சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். முகவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தைக் காட்டினேன். அதில் இருந்த பதிவு இலக்கத்தைக் கணினியில் போட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: இது வேறு ஆட்களுடையது, அவர்கள் போன மாதமே ஏறிவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஏதும் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். படுக்கை எல்லாம் நிரம்பிவிட்டது, படுக்கை இல்லாமல் அனுமதி இல்லை.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தான்.

முகவருக்குப் போன் எடுத்தேன். இங்கே அப்போது காலை 5 மணி, நித்திரையாக இருப்பார் என்று நினைத்து விட்டு விட்டு எடுத்தேன். 9 மணி போல செய்தி வந்தது: "அண்ணை அவசரப்படாதேங்கோ, அங்க சிஸ்டம் பிழை." பிறகு, "எங்கட ஆள் ஒராள் வருவார், ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ." மூன்று மணித்தியாலம் நின்றோம், ஒருவரும் வரவில்லை. பிறகு, "மழையால மலையை மூடிப்போட்டாங்களாம்." நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஆட்கள் வழிகாட்டிகளோடு வாகனத்தில் ஏறி வாசலுக்குப் போகிறார்கள்! அதைப் படம் எடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

அன்றிரவு குண்டசாங் என்ற ஊரில் அறை எடுத்துத் தங்கினோம். விடிய எழும்பி வெளியே வந்தால் மலை முழுதாகத் தெரிந்தது. சாம்பல் நிறப் பாறை, மேலே இருந்து கீழ்நோக்கி மெதுவாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அந்த நேரம் நாங்கள் அங்கே மேலே நிற்க வேண்டியவர்கள். மகன் படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகில் வந்து உச்சியை மூடிவிட்டது, உள்ளே போய்விட்டான். 360,000 ரூபாவை உழைத்து எடுக்கலாம். அந்தக் காலையை எனக்கு யார் திருப்பித் தருவது?

நேற்றுக் கடைக்குப் போனேன். தாத்தா கதை சொன்னவர் இல்லை. "முதலாளி கொழும்புக்குப் போட்டார்" என்றான் ஒரு பெடியன். போனில் பிடித்துத் தந்தான். முதலாளி சொல்கிறார், பிழை மலேசியாவில் உள்ள தரகருடையதாம், தாங்களும் ஏமாந்தவர்களாம். 45 வேலை நாளில் காசு வருமாம், அதிலும் சேவைக் கட்டணம் பிடிப்பார்களாம். எந்தச் சேவைக்கு? பிறகு பெடியன் தானாகவே ஒரு கதை விட்டான்: "அண்ணை, வேணுமெண்டா நுவரெலியா ரூர் ஒண்டு ஃப்ரீயாத் தாறம்." நான் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். இன்று காலை பார்த்தால் என் இலக்கத்தை வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இது. கினபாலுவில் அனுமதி ஆளின் பெயருக்குத்தான் வரும், ஆகவே உங்கள் பெயரும் ஏறும் திகதியும் போட்ட பதிவு கையில் வராமல் முழுக் காசையும் கட்டாதேங்கோ. வந்தாலும் அந்த இலக்கத்தை மேலே உள்ள தங்குமிடத்துக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், புறப்பட முதல். கையில் காசு கொடுக்க வேண்டாம், வங்கிக் கணக்கில் போடுங்கள். பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று வாசியுங்கள். ஊர்க்காரன், சொந்தம், தாத்தா என்று கதை வந்தால் அந்த நேரம்தான் கூடக் கவனம்.

நாளைக் காலை பொலிசுக்குப் போகிறேன், பிறகு 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து நுகர்வோர் அதிகார சபையிலும் சொல்லப் போகிறேன். இதே மாதிரி மாடியில் உள்ள அலுவலகத்தில் மலை ஏற என்று காசு கட்டிவிட்டு இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறைப்பாடு சேர்ந்து போனால் நல்லது.