ஆக்டிவ் பேஸா, பாசிவ் பேஸா: யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, 304 ஓர் ஒப்பீடு

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன், பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ள ஆக்டிவ் வாங்கட்டுமா, அது இல்லாத பாசிவ் வாங்கட்டுமா என்று எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு வரும் இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம், உங்கள் கேபிளின் மறுமுனை எங்கே போய்ச் சேரப்போகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோர் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. மரம், நிறம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் வடிவம், பிடித்த கலைஞர் கையில் வைத்திருந்த கருவி என்றெல்லாம் யோசித்துவிட்டு வருகிறார்கள். ஒலி கிட்டாரை விட்டு வெளியேறிய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. இந்த மதிப்புரையை அங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க யமஹாவின் ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டேன். டிஆர்பிஎக்ஸ் 174 என்னுடையது, முழுக்கப் பாசிவ். டிஆர்பிஎக்ஸ் 304 ஆக்டிவ். நண்பர் ஒருவரிடமிருந்து சில வாரங்களுக்கு வாங்கி வந்தேன். இரண்டும் நான்கு தந்தி, 34 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), 24 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்). இரண்டிலும் 0.045 முதல் 0.105 அங்குலத் தடிமன் வரையிலான ஒரே வகை நிக்கல் தந்திகளைப் புதிதாகக் கட்டி, ஒரே ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்), ஒரே கேபிளில் வாசித்தேன். மரமும் பிக்கப்பும் வெவ்வேறானவை என்பதால் கேட்கும் வித்தியாசம் முழுவதையும் மின்சுற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி வைத்த ஒரு சுருள்தான். இரும்புத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பாசிவ் கிட்டாரில் அது வால்யூம், டோன் குமிழ்களைக் கடந்து நேராகக் கேபிள் செருகும் ஜாக்குக்குப் போய்விடுகிறது. ஆக்டிவ் கிட்டாரில் இடையே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கி, சமிக்ஞையைப் பெருக்கவும் திருத்தவும் செய்யும் ஒரு ப்ரீஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. 304-இன் பிக்கப்புகளைப் பலரும் ஆக்டிவ் பிக்கப் என்று அழைக்கிறார்கள், அது சரியில்லை. அவையும் சாதாரணச் சுருள்களே, அவற்றுக்குப் பின்னால் உள்ள சுற்றுதான் ஆக்டிவ். பிக்கப்புக்குள்ளேயே மின்சுற்றை அடைத்து விற்கும் இ.எம்.ஜி. போன்றவர்களின் தயாரிப்பு வேறு வகை.

இரண்டு பாதைகளுக்கும் ஒரே மனிதர் வழிகோலியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1951-இல் ப்ரிசிஷன் பேஸையும் 1960-இல் ஜாஸ் பேஸையும் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அவை இரண்டையும் பாசிவாகவே அமைத்தார். அமெரிக்காவில் அலெம்பிக் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஆக்டிவ் சுற்றுகளோடு விலையுயர்ந்த கருவிகளைச் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தது. 1976-இல் மியூசிக் மேன் நிறுவனம் ஸ்டிங்ரே பேஸை வெளியிட்டபோதுதான் ஆக்டிவ் பேஸ் பெரிய அளவில் உற்பத்தியாகிச் சாதாரண இசைக்கலைஞர்களின் கைக்கு வந்தது. அந்த ஸ்டிங்ரேயின் உருவாக்கத்திலும் லியோ ஃபெண்டர் இருந்தார். ஆக்டிவ் புதியது, ஆகவே மேலானது என்று எண்ணுகிறவர்கள், அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962-ஆம் ஆண்டு ப்ரிசிஷனும் ஜாக்கோ பஸ்டோரியஸ் ஃப்ரெட்களை நீக்கி வாசித்த ஜாஸ் பேஸும் பாசிவ் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதேபோல, பாசிவ்தான் தூய ஒலி என்பவர்கள் ஸ்டிங்ரே வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸையும், தம் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் ப்ரீஆம்ப் பொருத்திக்கொண்ட மார்கஸ் மில்லரையும் ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும்.

இனி 174. இதில் ப்ரிசிஷன் வகைப் பிளவுச் சுருள் பிக்கப் ஒன்றும் ஜாஸ் வகை ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றும் உள்ளன. ஆளுக்கொரு வால்யூம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன். கற்றுக்கொள்பவருக்கு இந்த மூன்று குமிழ்களுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பாசிவ் டோன் குமிழால் உயர் அதிர்வெண்களைக் குறைக்க மட்டுமே முடியும், எதையும் கூட்ட முடியாது. இது குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் குமிழ் ஒலியைக் கூட்டித் தராத கருவியில் விரல்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பாலத்துக்கு அருகே மீட்டினால் ஒலி இறுகிக் கூர்மையாவதும், கழுத்துப் பக்கம் நகர்ந்து விரலின் சதைப்பகுதியால் மீட்டினால் உருண்டு திரள்வதும், இடக்கையைச் சற்றே தளர்த்தினால் ஸ்வரம் சுருங்குவதும் கைக்குப் பழகிவிடுகின்றன. இளையராஜாவின் பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனி மெட்டாகவே ஓடும் பேஸைக் கேட்டு இந்தக் கருவிக்கு வந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த வரிகளை வாசிக்கப் பழகும்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் நீளத்தையும் அழுத்தத்தையும் விரலால் முடிவு செய்யும் பயிற்சி பெரிதும் உதவுகிறது. டோனைப் பாதிக்குக் குறைத்து, பிளவுச் சுருள் பிக்கப்பை மட்டும் திறந்து வைத்தால், மெல்லிசைக் கச்சேரியில் தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே இடைஞ்சல் செய்யாமல் அமரும் ஒலி 174-இல் கிடைக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் அலங்கார விளக்குகள் நிறைந்த மேடையில் சிறிது இரைச்சல் வரும். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒற்றைச் சுருளின் இயல்பு அது.

304-ஐக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் தெளிவு. செராமிக் காந்தம் கொண்ட இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது இரைச்சலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள், இருப்பதால் இரைச்சல் அநேகமாக இல்லை. மாஸ்டர் வால்யூம், இரண்டு பிக்கப்புகளுக்கிடையே ஒரு பேலன்ஸ், தாழ் ஒலிக்கும் உயர் ஒலிக்கும் தனித்தனிக் குமிழ்கள், இவற்றோடு ஸ்லாப், பிக், ஃப்ளாட், ஃபிங்கர், சோலோ என்று ஐந்து நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச். இரண்டு பாடல்களுக்கு இடையே, ஆம்பின் பக்கம் திரும்பாமலேயே விரல் வாசிப்பிலிருந்து ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறைக்கு) மாற முடிவது மேடையில் உண்மையான வசதி. ஆனால் கைக்குப் பழகாதவர்கள் எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருகிவிடுகிறார்கள். திறந்த இ தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். தாழ் ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டினால் மண்டபத்து ஒலிபெருக்கிகள் அதைத் தாங்காமல் குழம்பிப்போகும், பலமாக ஸ்லாப் செய்யும்போது 9 வோல்ட் சுற்றின் எல்லையும் முட்டி ஒலி உடையக்கூடும். உயர் ஒலியை மிகக் கூட்டினால் ப்ரீஆம்பின் சன்னமான சீறலும் சேர்ந்து கூடும். சுவிட்சை ஃப்ளாட்டில் வைத்துவிட்டு, குமிழ்களை மையத்திலிருந்து சிறிதளவே நகர்த்தினால் 304 மிக அழகாக ஒலிக்கிறது. நடு ஒலிக்குத் தனிக் குமிழ் இல்லாததுதான் எனக்குக் குறையாகப் பட்டது, ஏனென்றால் பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸை முன்னே கொண்டுவருவது நடு ஒலியே.

இப்போது கேபிளுக்கு வருகிறேன். பாசிவ் பிக்கப்பின் மின்தடை மிகுதி. அதனால் கேபிளின் நீளமும், கேபிள் போய்ச் சேரும் கருவியும் ஒலியை நேரடியாகப் பாதிக்கின்றன. சாதாரணக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்திறன் இருக்கும். கேபிள் நீள நீள உயர் ஒலிகள் தேய்கின்றன. 174-ஐ 3 மீட்டர் கேபிளிலும் 10 மீட்டர் கேபிளிலும் மாற்றி மாற்றி வாசித்தபோது, டோன் குமிழைச் சற்றே குறைத்தது போன்ற வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது. 304-இல் என்னால் வித்தியாசம் காண முடியவில்லை, ஏனென்றால் ப்ரீஆம்பின் வெளியீட்டுத் தடை குறைவு. இதைவிடப் பெரிய சிக்கல் மிக்சர். ஆம்பின் உள்ளீடு பொதுவாக 10 லட்சம் ஓம் அளவில் இருக்க, மிக்சரின் லைன் உள்ளீடு 10,000 ஓம் அளவிலேயே இருப்பது வழக்கம். பாசிவ் பேஸை அதில் நேராகச் செருகினால் ஒலி மங்கி, வலுவிழந்து போகிறது. நம் ஊர்களில் திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, தேவாலயம் என எங்கு வாசித்தாலும் பேஸுக்குத் தனி ஆம்ப் கிடைப்பது அரிது. ஒலியமைப்பாளர் நீட்டும் கேபிளைச் செருகிக்கொண்டு வாசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்படி வாசிப்பவருக்கு ஆக்டிவ் பேஸ் பெரிய துணை. அல்லது பாசிவ் பேஸோடு உயர் உள்ளீட்டுத் தடை கொண்ட ஒரு டி.ஐ. பாக்ஸை, அதாவது கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டியை, சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ப்ரீஆம்ப் சேர்ந்த டி.ஐ. பெடலானால் ஆக்டிவின் பெரும்பாலான வசதிகள் காலடியிலேயே கிடைத்துவிடும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இரவல் வாங்கிய ஓர் ஆக்டிவ் கிட்டாரோடு வரவேற்புக் கச்சேரி ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் சரணத்தில் ஒலி கரகரத்து, நலிந்து, நின்றேபோனது. பேட்டரியை மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பாடல் முடிந்துவிட்டது. முந்தைய இரவு முழுவதும் கேபிளைக் கழற்றாமல் விட்டது நான்தான். ஆக்டிவ் கிட்டார்களில் கேபிளைச் செருகியவுடன் ஜாக்கே சுவிட்சாகச் செயல்பட்டு மின்சாரம் பாயத் தொடங்கிவிடும் என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட்டால் நல்ல ஆல்கலைன் பேட்டரி பல நூறு மணி நேரம் உழைக்கும். 304-இல் பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் இல்லை. பேட்டரி தீர்ந்தால் ஒலி இல்லை. அந்த அச்சம் உள்ளவர்கள் அதே வரிசையின் 504-ஐயோ, சைர் நிறுவனத்தின் வி7-ஐயோ பார்க்கலாம். இரண்டிலும் ஆக்டிவ், பாசிவ் மாற்றும் சுவிட்ச் உண்டு, விலையும் அதற்கேற்பக் கூடுதல்.

முதல் பேஸ் வாங்குபவர், வீட்டில் சிறிய ஆம்பில் பழகப்போகிறவர் என்றால் 174-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மிச்சப்படும் பணத்தில் நல்ல தந்திகளும் ஒரு டி.ஐ. பாக்ஸும் வாங்கிக்கொள்ளலாம். வாரந்தோறும் மேடையேறி, ஒரே இரவில் பழைய மெல்லிசையும் குத்துப்பாட்டும் மேற்கத்திய ஃபங்க்கும் வாசிக்க வேண்டியிருப்பவருக்கு 304 தகுதியான கருவி. எதுவானாலும் கடையில் சோதிக்கும்போது ஆம்பின் எல்லாக் குமிழ்களையும் மையத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆக்டிவ் கிட்டாரில் புதிய பேட்டரி போடச் சொல்லி, அதன் குமிழ்களையும் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். கடையின் குட்டைக் கேபிளோடு நிறுத்தாமல், நீங்கள் மேடையில் பயன்படுத்தும் நீளத்திலேயே ஒரு கேபிளைக் கையோடு எடுத்துச் சென்று அதில் வாசித்துப் பாருங்கள்.