கையளவுப் பலகையில் கணினிப் பாடம்: தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மைக்ரோபிட் ஏற்றதா?

நாமே கட்டளை எழுதி இயக்கக்கூடிய மைக்ரோபிட் என்னும் சிறிய சுற்றுப்பலகையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று மலேசியாவின் பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டுள்ளனர். ஜார்ஜ்டவுனில் நடக்கும் சனிக்கிழமைக் கணினி வகுப்பு ஒன்றில் இதைக்கொண்டு கற்பிப்பவன் என்ற முறையில், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த விலையில் இதைவிடப் பயனுள்ள கருவியை நான் பார்த்ததில்லை. நான்காம் ஆண்டு மாணவருக்குக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் கீழ் வகுப்பில் உள்ளவர்களுக்கு இப்போது வாங்க வேண்டாம்.

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் பல கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கி, 2016-இல் அந்நாட்டின் 11, 12 வயது மாணவர்களுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பலகைகளை இலவசமாக வழங்கியதே இதன் தொடக்கம். பின்னர் இலாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2020-இல் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் சேர்ந்த இரண்டாம் பதிப்பு வந்தது. பலகையின் அளவு நான்கு சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்தான். முன்புறம் ஐந்து வரிசையில் ஐந்தைந்தாக 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். உள்ளே அசைவையும் திசையையும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உணரும் வசதிகள். ஒளி உமிழும் அதே விளக்குகளைக்கொண்டே சுற்றியுள்ள வெளிச்சத்தையும் அளக்கிறார்கள் என்பதை மாணவர்களிடம் சொன்னால், அவர்களைவிட உடன் வந்த பெற்றோரே அதிகம் வியக்கிறார்கள்.

நம் நாட்டில் 2017 முதல் கணினிசார் சிந்தனை, அதாவது சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும் முறை, தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தில் நிரலாக்கமும் (கணினிக்கான கட்டளைகளை எழுதுவதும்) வருகிறது. ஆனால் பாடநூலில் உள்ள நிரலைத் திரையில் செய்து முடிக்கும் பிள்ளை, அது கணினி விளையாட்டுகளைப் போன்ற இன்னொரு விளையாட்டு என்றே நினைத்துக்கொள்கிறது. மைக்ரோபிட்டின் முதல் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. எழுதிய நிரலைப் பலகைக்கு அனுப்பி, கம்பியைக் கழற்றி, இரண்டு பேட்டரிகளை இணைத்துவிட்டால், கணினியை அணைத்த பின்னும் அந்த நிரல் கையில் ஓடிக்கொண்டிருக்கும். நிரல் என்பது ஒரு பொருளுக்குக் கொடுக்கும் ஆணை என்ற எண்ணம் அப்போதுதான் பிள்ளையின் மனத்தில் பதிகிறது. கணினிச் சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் திறந்த இந்தத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தினமும் வேலைக்குப் போகும் தாய்தந்தையர் பலர். பலகையின் பின்புறத்தில் இருக்கும் கறுப்புச் சதுரமான செயலிச் சில்லைக் காட்டி, "இது போன்றவற்றைத்தான் அம்மா சோதித்துப் பார்ப்பார்" என்று ஒரு மாணவி வகுப்பில் விளக்கினாள். அந்த விளக்கத்தை என்னால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

நிரல் எழுதுவதற்கு மைக்ரோசாஃப்டின் மேக்கோட் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. உலாவியைத் திறந்து, வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். தட்டச்சுப் பிழைக்கு இடமே இல்லை. பூனைப் பாத்திரத்தைக் கட்டைகளால் இயக்கிப் பழகும் ஸ்கிராட்ச் என்னும் சிறுவர் நிரலாக்கத் தளத்தை அறிந்த பிள்ளைக்கு இது சில நிமிடங்களில் பிடிபடும். திரையின் ஓரத்தில் பலகையின் மாதிரி ஒன்று தெரியும். நிரலை முதலில் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மைப் பலகைக்கு அனுப்பலாம். இதற்கு விலை உயர்ந்த கணினி தேவையில்லை. அலுவலகம் கழித்துக் கட்டிய பழைய மடிக்கணினியே போதுமானது. ஒரே எச்சரிக்கை: கைப்பேசியோடு வந்த எந்தக் கம்பியையும் செருகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மின்னேற்றம் மட்டும் செய்யும் கம்பிகள் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றில் விளக்கு எரியும், நிரல் போகாது. பலகை பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

இந்தக் கருவியால் என்ன கற்பிக்க முடியும் என்பதற்கு, எங்கள் வகுப்பில் நன்றாக அமைந்த பயிற்சி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அசைவை உணரும் வசதியைப் பயன்படுத்தி நடையை எண்ணும் நிரல் எழுதுவது உலகெங்கும் செய்யப்படும் பாடம்தான். நான்கே கட்டைகளில் முடிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை சரியா என்று பிள்ளை எதை வைத்துச் சோதிப்பது? பினாங்குப் பிள்ளைகளுக்கு அதற்கு ஓர் அளவுகோல் ஆயத்தமாக இருக்கிறது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படிகள் என்பது தைப்பூசத்திற்குப் போய்வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலகையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஏறியவனுக்கு ஏறக்குறைய பாதி எண்ணிக்கையே வந்தது. நிரல் தவறு என்று முதலில் எல்லாரும் முடிவுகட்டினார்கள். பலகை கட்டிய கால் வைக்கும் படி மட்டுமே கணக்கில் வருகிறது, மறுகால் வைக்கும் படி வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. உடனே இரண்டால் பெருக்கினார்கள். இரண்டால் பெருக்கினால் 513 என்னும் ஒற்றைப்படை எண் எப்படி வரும் என்று இன்னொருவன் கேட்டான். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியவனுக்கோ, வழியில் நண்பனுக்குக் கையசைத்ததும் ஒரு படியாகப் பதிவாகியிருந்தது. அளவிடும் கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம் என்ற வேறுபாட்டைப் பத்து வயதில் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நிரலாக்கப் பயிற்சி என்ற பெயரில் திரையில் பூனையை ஓடவிடுவதோடு நின்றுவிடும் வகுப்புகளில் இந்தக் கேள்விகளுக்கு இடமே வருவதில்லை.

வெப்ப உணரியிலும் இதே பாடம் உண்டு. அது அளப்பது பலகையின் செயலிச் சில்லின் வெப்பத்தை. அறையின் வெப்பத்தை அன்று. ஆகவே சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவதைவிடச் சில பாகை கூடுதலாகவே காட்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுவது நல்லது.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை பலகை கைவிட்டுவிடுகிறது. பெயரைத் தட்டச்சு செய்தால் அது விளக்குகளில் ஓடும். ஆனால் ரோமன் எழுத்தில் மட்டுமே ஓடும். தமிழில் வேண்டுமென்றால் 25 கட்டங்களில் எவை எரிய வேண்டும், எவை அணைந்திருக்க வேண்டும் என்று பிள்ளையே ஒவ்வொரு எழுத்தையும் வரைந்தாக வேண்டும். ட, ப இரண்டும் அழகாக அமையும். ம, ய ஆகியவை முயன்றால் வரும். ண, ழ இரண்டையும் ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் அடைக்க முடியாது. பிள்ளைகள் விடாமல் முயன்று பார்க்கிறார்கள், முடிவதில்லை. இதைக் குறையாகப் பதிவு செய்கிறேன் என்றாலும், திரையில் நாம் காணும் எழுத்து புள்ளிகளால் ஆனது, யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை வடிவமைத்திருக்கிறார் என்ற உண்மை இந்த முயற்சியில்தான் அவர்களுக்குப் புலப்பட்டது. முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்று சொல்ல அது ஏற்ற தருணமாகவும் அமைந்தது.

பலகைகள் தமக்குள் வானொலி அலை மூலம் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி, வகுப்பில் பெரும் ஆரவாரத்தை உண்டாக்கும். இணைய இணைப்பே தேவையில்லை. குழு எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதே எண்ணில் இருக்கும் எல்லாப் பலகைகளுக்கும் செய்தி போய்ச் சேரும். எல்லாரும் மேக்கோட் எடுத்துக்காட்டில் உள்ள எண்ணையே வைத்துக்கொண்டால், ஒருவன் தன் நண்பனுக்கு அனுப்பிய இதயப் படம் வகுப்பில் உள்ள அத்தனை பலகைகளிலும் ஒளிரும். குழு எண்ணை மாற்றினால் மற்றவர் பார்க்க முடியாது என்று சிலர் நிம்மதி அடைந்தனர். 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண்ணாக முயன்று பார்த்தால் யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்பதை இன்னொரு குழு செய்து காட்டியது. இணையப் பாதுகாப்பு பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்த நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

இனிக் குறைகள். இது உறையில்லாத பலகை. இரும்பு மேசையின் மீதோ, சில்லறை கிடக்கும் சட்டைப் பையிலோ வைத்தால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்கியூட்) ஏற்பட வாய்ப்புண்டு. கம்பி செருகும் மைக்ரோ யூஎஸ்பி வாய் சிறியது. பிள்ளைகள் தலைகீழாக அழுத்திச் செருகினால் தளர்ந்துவிடும். பலகையில் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் விசை இல்லாததால், பேட்டரிப் பெட்டியைக் கழற்ற மறந்தால் அடுத்த வாரம் பேட்டரி தீர்ந்திருக்கும். இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. ஆசிரியர் இல்லாமல் பெட்டியை மட்டும் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய குறை: சிரிக்கும் முகம், பகடை, கல் காகிதம் கத்தரிக்கோல் விளையாட்டு ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துச் செய்து முடித்ததும் பலகை மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆயத்தப் பாடங்களை அப்படியே நகலெடுப்பதில் பிள்ளைகளுக்கு எந்தப் பிணைப்பும் ஏற்படுவதில்லை. "வீட்டில் எது மறந்து போகிறது? எதை எண்ண வேண்டும்? எது சத்தமிட்டால் நல்லது?" என்று கேட்டு அதிலிருந்து தொடங்கினால்தான் கருவி நீடித்துப் பயன்படும். பாட்டியின் மருந்துப் பெட்டி திறந்தால் ஒலிக்கும் நிரலை ஒரு மாணவன் செய்தான். மூடிய பெட்டிக்குள் இருட்டு, திறந்தால் வெளிச்சம் என்ற ஒரே எண்ணத்தின் மேல் அமைந்தது அது.

துணைக் கருவிகளைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் இயங்கும் சைட்ரோன் நிறுவனத்தின் எடுபிட் பெட்டி போன்றவற்றில், போக்குவரத்து விளக்கு, ஒலி உணரி முதலியன ஏற்கெனவே இணைக்கப்பட்டு வருவதால் பிள்ளைகள் கம்பிகளோடு போராட வேண்டியதில்லை. உள்ளூரில் கிடைப்பதும் வசதி. ஆனால் முதல் ஆண்டிற்குப் பலகை ஒன்றே தாராளம். பலமடங்கு விலை கொடுத்து ரோபோ பெட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவேன்: லெகோ நிறுவனம் தன் புகழ்பெற்ற மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசையை 2022-உடன் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. மேக்கோட்டின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டிருப்பதால், ஒரே நிறுவனத்தின் முடிவைச் சார்ந்து பலகை வீணாகும் வாய்ப்பு குறைவு.

பயன்படுத்திய பலகை வாங்குவோர் பதிப்பைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் பதிப்பில் முன்புறச் சின்னம் பொன்னிறத்தில் இருக்கும், அதைத் தொட்டாலும் உணரும்; கீழ் விளிம்பில் இணைப்பு முனைகளை ஒட்டிச் சிறு வெட்டுகள் இருக்கும்; பின்புறத்தில் ஒலிபெருக்கி தெரியும். முதல் பதிப்பில் இவை இல்லை. கைதட்டினால் விளக்கெரிவது, சொந்தமாக இராகம் அமைப்பது போன்ற பிள்ளைகள் மிகவும் விரும்பும் பாடங்களை அதில் துணைக் கருவி இல்லாமல் செய்ய முடியாது என்பதால், விலை குறைவு என்று முதல் பதிப்பை வாங்குவது இலாபம் அன்று.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளிக்காக வாங்கும்போது ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. இருவருக்கு ஒன்று போதும். ஒருவர் கட்டளைகளைப் பொருத்த, மற்றவர் பிழை பார்க்க, அடுத்த முறை இடம் மாறிக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் தரவு போகும் நல்ல கம்பிகளையும், மறுபடி மின்னேற்றக்கூடிய ட்ரிப்பிள் ஏ பேட்டரிகளையும், ஒவ்வொரு பலகைக்கும் மூடியுள்ள சிறு நெகிழிப் பெட்டி ஒன்றையும் வாங்குங்கள். இன்னும் முடிவெடுக்கத் தயங்குபவர்கள் ஒரு ரிங்கிட்டும் செலவழிக்காமல் மேக்கோட் தளத்தில் உள்ள மாதிரிப் பலகையைப் பிள்ளையின் முன் திறந்து வைக்கலாம். அதைக் குலுக்கிப் பார்ப்பதற்கும் அங்கே ஒரு பொத்தான் உண்டு.