பழைய ஜிடிஎக்ஸ் கார்டா, புது லேப்டாப்பின் இன்பில்ட் கிராபிக்ஸா?

என்விடியாவின் பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 1050, 1050 டிஐ வரைக்கும் இனி சந்தேகம் வேண்டாம். ஏஎம்டியின் ரேடியான் 780எம் போன்ற, ப்ராசஸருக்குள்ளேயே வரும் இன்றைய இன்பில்ட் கிராபிக்ஸ் அவற்றைத் தாண்டிவிட்டது. லேப்டாப்பில் வரும் ஜிடிஎக்ஸ் 1650-ஐ 780எம் நெருங்குகிறது, அதைவிடப் புதிய 890எம் எட்டிப் பிடிக்கிறது. ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்று மேலே போனால் பழைய கார்டுதான் ஜெயிக்கும். ஆனால் சிப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அதே 780எம் ஒரு லேப்டாப்பில் பறக்கும், இன்னொன்றில் திணறும். பெரும்பாலும் காரணம் ரேம்.

1050 டிஐ கார்டிலேயே 4 ஜிபி நினைவகம் இருக்கிறது. நொடிக்கு 112 ஜிபி தரவு அதில் போய்வரும், அத்தனையும் கிராபிக்ஸுக்கே. இன்பில்டுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ப்ராசஸரோடு ரேமைப் பங்கு போட்டாக வேண்டும். டிடிஆர்5 5600 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 44.8 ஜிபி, இரண்டாக இருந்தால் 89.6. பழைய டிடிஆர்4 3200 இரண்டு போட்டாலும் 51.2 தான். போர்டிலேயே பற்றவைத்து வரும் எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500 என்றால் 120. ஆகவே 16 ஜிபி ஒரே ஸ்டிக் போட்ட லேப்டாப்பைவிட 8+8 போட்டது கேமில் கண்கூடாக வேகம். சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்கும்போது "எத்தனை ஜிபி" என்பதோடு "எத்தனை ஸ்டிக்" என்றும் கேளுங்கள்.

கடையிலேயே சரிபார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று தெரியும். சிபியு-இசட் என்ற இலவசச் செயலி போட்டால், டிடிஆர்5 இரண்டு ஸ்டிக்குக்கு 4 x 32 பிட் என்றும் ஒன்றுக்கு 2 x 32 பிட் என்றும் காட்டும். இன்டெல் லேப்டாப்பில் இன்னொரு அடையாளமும் உண்டு. ஐரிஸ் எக்ஸ்இ என்ற இன்பில்ட் கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரில் ஒரே ஸ்டிக் போட்டால் டிவைஸ் மேனேஜரில் வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்றே பெயர் வரும். முதல் தலைமுறை கோர் அல்ட்ரா எச் வரிசையில் ஆர்க் என்ற பெயர் வர, இரண்டு சேனலில் (ரேமுக்குப் போய்வரும் இரண்டு தனி வழிகளில்) குறைந்தது 16 ஜிபி வேண்டும்.

இரண்டாவது ஸ்டிக் வாங்கும்போது அளவும் வேகமும் முதலாவதோடு பொருந்தட்டும். போர்டில் 8 ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8 போடுங்கள். 16 போட்டால் வேலை செய்யும், ஆனால் மிச்சமிருக்கும் 8 ஜிபி ஒற்றைச் சேனலில்தான் ஓடும். ஏஎம்டி ரைசன் லேப்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் அளவு (ரேமில் கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கும் பங்கு) இருந்தால், மொத்தம் 16 ஜிபி உள்ளவர்கள் 2 அல்லது 4 ஜிபி வைக்கலாம். தனி நினைவகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஓட மறுக்கும் சில கேம்கள் இதில் சமாதானமாகும். மொத்தமே 8 ஜிபி என்றால் தொடாதீர்கள், விண்டோஸ் மூச்சுத் திணறும்.

பெயர்க் குழப்பமும் பெரிது. ரைசன் 7 7730யு பார்க்கப் புதிது, உள்ளே இருப்பது பழைய வேகா கிராபிக்ஸ். 7735எச்எஸ்-இல் 680எம், 8845எச்எஸ்-இல் 780எம். கோர் அல்ட்ரா 5 125எச்-இல் ஏழு எக்ஸ்இ கிராபிக்ஸ் கோர், 125யு-வில் நான்குதான். ஒரே எழுத்து மாறினால் கிராபிக்ஸ் ஏறக்குறைய பாதியாகிறது.

சென்னை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லேப்டாப்பில் ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே மின் வரம்பைப் பங்கிடுகின்றன. 15 வாட்டில் பூட்டிய மெல்லிய லேப்டாப்பில் 780எம் தன் முழு வேகத்தைத் தொடாது, 30 வாட்டுக்கு மேல் தரும் மாடலே நல்லது. கத்திரி வெயில் காலத்தில் ஏசி இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து ஆடினால் ஃபேன் எவ்வளவு கத்தினாலும் வேகம் இறங்கும். கேமில் ஃப்ரேமை 60-இல் நிறுத்திவைத்தால் சூடும் குறையும், வேகமும் சீராக நிற்கும். டெஸ்க்டாப்பில் 1050 டிஐ தனியாக 75 வாட் வரை எடுத்தாலும் அதற்கென்று ஃபேனும் காற்றோட்டமும் உண்டு. மின்கட்டண வித்தியாசம் சிறிதுதான்: டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் 90 வாட் வேறுபாடு, தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 16 யூனிட். இதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

வாலரண்ட், ஜிடிஏ 5 போன்றவை 1080பி-யில் 780எம்-இல் தாராளமாக ஓடும். சைபர்பங்க் 2077 வகையறாவுக்கு எல்லா அமைப்பையும் குறைத்து, குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் எஃப்எஸ்ஆரும் போட வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கோ இன்டெல் இன்பில்டுதான் வரம். புது கேமராக்கள் தரும் நிற விவரம் அதிகமுள்ள எச்.265 10 பிட் 4:2:2 கோப்புகளை, அதிலுள்ள வீடியோ வன்பொருளான இன்டெல் குவிக் சிங்க் 11-ஆம் தலைமுறை லேப்டாப்பிலிருந்தே நேரடியாகப் பிரிக்கிறது. ஜிடிஎக்ஸ் கார்டுகளால் அது முடியாது, டைம்லைன் தடுக்கித் தடுக்கித்தான் நகரும். ஏவி1 என்ற புது வகை வீடியோவும் அப்படியே: 1050 டிஐ, 1650 இரண்டிலும் அதற்கான வன்பொருள் இல்லை.

கிராபிக்ஸ் கார்டில் நிரல் ஓட்டும் என்விடியாவின் கூடா (CUDA) பழகும் கல்லூரி மாணவர்கள் நிலை வேறு, என்விடியா கார்டு இல்லாமல் கூடா ஓடாது. அதற்காக 1050 டிஐ வாங்குவதும் வீண். கூடா 13 பதிப்பு, 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறையை விட்டுவிட்டது. அக்டோபர் 2025-க்குப் பிறகு அந்தக் கார்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டுமே. 1650 தேறும், 4 ஜிபி நினைவகம்தான் இடிக்கும். நான்கு பிட்டாகச் சுருக்கிய 7பி (700 கோடி அளவுருக்கள்) ஏஐ மொழி மாதிரியே அதில் முழுதாக அடங்காது. 32 ஜிபி ரேம் உள்ள இன்பில்டில் எல்லா நிறுவனக் கிராபிக்ஸுக்கும் பொதுவான வல்கன் வழியாக அது மெதுவாகவாவது ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் செகண்ட் ஹாண்ட் கார்டுதான் என்றால், ஜிபியு-இசட் என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். பழைய ஜிடிஎஸ் 450-இல் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது உண்டு, ஜிபியு-இசட் அதைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் எனும் கணக்கு அலகு 2304-ஆ, 2048 மட்டும் உள்ள குறைந்த வகையா என்றும் பாருங்கள். பிறகு கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க் 15 நிமிடம் ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ ஃபேன் உரசினாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.