அபாகஸில் நேரத்தோடு மாறும் சுமை: பல வருடம் புழங்கிய பிறகு

பொருள்கள் சுமையைத் தாங்குவதைக் கணினியில் கணக்கிடும் மென்பொருளான அபாகஸில் (Abaqus), நேரத்துக்கு ஏற்ப மாறும் சுமையைக் கொடுக்கப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் புழங்கிப் பார்த்த பிறகும், முக்கால்வாசி வேலைக்கு ஆம்ப்ளிட்யூடு அட்டவணையே போதும் என்பதுதான் என் கட்சி. சுமையின் அளவு ஓரிடத்தில் இருக்கும்; எந்த நேரத்தில் அதில் எத்தனை மடங்கு என்பது மட்டும் அட்டவணையில். 5 கிலோநியூட்டன் 8 ஆனால் ஒரே எண்ணைத் திருத்தினால் ஆயிற்று.

அட்டவணை தராவிட்டால் ஸ்டாட்டிக் ஸ்டெப்பில் (ஸ்டெப் என்பது கணக்கின் ஒரு கட்டம்; ஸ்டாட்டிக்கில் அசைவின் விளைவு சேராது) சுமை படிப்படியாக ஏறும், அசைவையும் சேர்த்து மிகச் சிறு நேரத் துண்டுகளாகக் கணக்கிடும் எக்ஸ்ப்ளிசிட்டில் எடுத்த எடுப்பிலேயே முழுசாக வந்து உட்காரும். தகடு வளைப்பது போன்ற நிதானமான வேலையை எக்ஸ்ப்ளிசிட்டில் செய்யும்போது மதிப்பை வழுவழுப்பாக ஏற்றும் ஸ்மூத் ஸ்டெப் என்ற அட்டவணை வகைதான் எனக்குப் பிடித்தது. தகட்டை அழுத்தும் வார்ப்பச்சின் நகர்வை அதில் கொடுத்தால் இரு முனையிலும் வேகமும் முடுக்கமும் பூஜ்யம், அதிர்வு அடங்கிவிடும். ஆனால் நடுவில் வேகம் சராசரியைப் போல 1.875 மடங்கு போகும். இயக்க ஆற்றல் மிகையாகிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

நிஜமான வில்லங்கம் தானியங்கி இன்கிரிமென்ட்டில், அதாவது ஒவ்வொரு நேரத் துண்டின் நீளத்தையும் மென்பொருளே தேர்வதில், இருக்கிறது. 1 நொடி ஸ்டெப்பில் 0.005 நொடி மட்டும் நீடிக்கும் ஓர் அடியை அட்டவணையில் எழுதியிருப்போம். பெரிய நேரத் துண்டுகளிலும் கணக்கிடக்கூடிய இம்ப்ளிசிட் சால்வர் அதைத் தாண்டிக் குதித்துவிடலாம். கணக்கு ஒழுங்காக முடியும், படமும் அழகாக வரும், அடி மட்டும் விழுந்திருக்காது! அதனால் அதிகபட்ச இன்கிரிமென்ட்டை நாமே கட்டிப்போட வேண்டும். 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவு பெரும்பாலும் 0.02 நொடி இடைவெளியில் கிடைக்கிறது. அதற்கு வரம்பும் 0.02-ஐத் தாண்டக் கூடாது. முடுக்கப் பதிவு என்பதால் பேஸ்லைன் திருத்தமும் (பதிவின் பூஜ்யக் கோட்டைச் சரிசெய்வது) அவசியம், இல்லையென்றால் கட்டடமே எங்கோ நகர்ந்து போய் நிற்கும்.

இன்னொன்று, அட்டவணையின் நேரம் இயல்பாக ஸ்டெப் நேரம். மூன்றாவது ஸ்டெப்பிலும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். அட்டவணை முடிந்த பிறகு கடைசி மதிப்பு அப்படியே நிற்கும். சுமை போக வேண்டுமென்றால் பூஜ்யத்தை எழுதித்தான் ஆக வேண்டும்.

பாலத்தில் ஓடும் சக்கரம் மாதிரி, சுமை இடமும் மாறினால் டிலோட் (DLOAD) சப்ரூட்டீன், அதாவது ஃபார்ட்ரான் மொழியில் நாமே எழுதிச் சேர்க்கும் துணை நிரல். ஃபார்ட்ரான் கம்பைலரை இணைக்கும் பாடு தனி. அதோடு ஆம்ப்ளிட்யூடு கொடுத்தாலும் கண்டுகொள்ளாது, நேரக்கணக்கை உள்ளேயே எழுத வேண்டும்.

எந்த வழியானாலும், புள்ளிச்சுமை என்றால் அந்த நோடில் (சுமை விழும் வலைப்புள்ளி) சிஎஃப் (CF) எனும் புள்ளிவிசை வெளியீட்டை ஒவ்வொரு இன்கிரிமென்ட்டுக்கும் கேட்டு வாங்கி, அட்டவணை மேல் வரைந்து பார்த்துவிட்டுத்தான் தகைவுப் படத்தைத் திறக்கிறேன்.