பிள்ளையின் கல்லீரலை ஊசி குத்தாமல் பார்ப்பது: நாங்கள் ஏன் ஃபைப்ரோஸ்கேன் பக்கம் போனோம்

ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகனுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவான எஸ்ஜிபிடி 70-ஐத் தாண்டியிருந்தது. அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒற்றை வரி. உடம்பு பூசினாற்போல இருப்பான். மற்றபடி வலியும் இல்லை, காமாலையும் இல்லை. கடலூரில் நாங்கள் காட்டும் டாக்டரம்மா, ஹெபடைட்டிஸ் பி, சி, வில்சன் நோய்க்கான செருலோபிளாஸ்மின், உடம்பே தன் ஈரலைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆட்டோஇம்யூன் ஆன்டிபாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, “கொழுப்போட நிக்குதா, இல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிடுச்சான்னு பாத்துடணும்மா” என்றார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எத்தனையோ வழிகள் இருக்கின்றன.

ஊசி குத்திக் கல்லீரல் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊசியில் வருவது மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்கு. ஆட்டோஇம்யூன் சந்தேகம் வந்தாலோ, மற்ற சோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டாலோ அதைத் தவிர்க்க முடியாது. எங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

ரத்தப் பரிசோதனை மலிவு, கடலூரிலேயே முடிந்துவிடும். ஆனால் லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ‘நார்மல் அளவு’ பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. பிள்ளைகளின் கல்லீரலைப் பார்க்கும் டாக்டர்கள் பலர் எஸ்ஜிபிடிக்கு ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22 என்பதைத்தான் மேல் எல்லையாக வைக்கிறார்கள். 38 என்று வந்து, ரிப்போர்ட்டில் அடிக்கோடு இல்லாததால் நிம்மதியாக மடித்து வைக்கும் வீடுகள் நிறைய இருக்கும். பெரியவர்களுக்குத் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கை இன்டர்நெட்டில் பார்த்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். அதில் வயதைப் பெருக்குகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விடை எப்படியும் குறைவாகத்தான் வரும்.

சாதாரண அல்ட்ராசவுண்டைக் குறை சொல்ல மாட்டேன். பித்தக்குழாய், பித்தப்பைக் கல், மண்ணீரல் வீக்கம், டாப்ளரில் ரத்த ஓட்டம் இதெல்லாம் அதில்தான் தெரியும். முதலில் அது எடுத்தே ஆக வேண்டும். கொழுப்பில்தான் அது தடுமாறும். லேசான கொழுப்பு அதன் கண்ணில் படாது, கிரேடு 1-ஆ 2-ஆ என்பது பார்ப்பவரைப் பொறுத்து மாறும். ஆரம்பத் தழும்பு அதில் தெரியவே தெரியாது.

மிச்சம் ஃபைப்ரோஸ்கேன், ஷியர் வேவ் எலாஸ்டோகிராஃபி, எம்.ஆர்.ஐ. எலாஸ்டோகிராஃபி. மூன்றுமே கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பவை. ஓர் அதிர்வைக் கல்லீரலுக்குள் அனுப்புவார்கள். இறுகிய ஈரலில் அது வேகமாக ஓடும். அந்த வேகத்தைக் கிலோபாஸ்கலாக மாற்றிச் சொல்வார்கள். நலமாக இருக்கும் பிள்ளைக்கு ஃபைப்ரோஸ்கேனில் பொதுவாக 4, 5 என்கிற அளவில் வரும்.

எம்.ஆர்.ஐ.தான் இவற்றில் நுட்பமானது, குறிப்பாகக் கொழுப்பைச் சதவீதமாகவே சொல்லிவிடும். நாங்கள் அதை எடுக்கவில்லை, அதனால் எடுத்த அனுபவம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. செலவு அதிகம், குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும், சொன்னபோது மூச்சைப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். ஒரே ஒரு தடவைதான் பார்க்கப் போகிறோம் என்றால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் இது ஒரு தடவையோடு முடிகிற கதை இல்லை. உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூல்டிரிங்க்ஸை நிறுத்தியாயிற்று, சாயங்காலம் சில்வர் பீச்சில் நடை. இதெல்லாம் வேலை செய்கிறதா என்று மறுபடி மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அப்படியானால் பிள்ளை முரண்டு பிடிக்காமல் வரக்கூடிய, வீட்டுச் செலவைப் புரட்டிப் போடாத, இந்த வருட நம்பரையும் அடுத்த வருட நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய சோதனைதான் எங்களுக்கு வேண்டும். என் முடிவு முழுக்க இதில்தான் நின்றது.

ஃபைப்ரோஸ்கேன் அதற்குத் தோதாக இருக்கிறது. பிரான்சில் உருவான கருவி. நாங்கள் ஸ்கேனுக்குப் போனது புதுச்சேரிக்கு; அந்த ஊர்க்காரர்கள் அதிலும் ஒரு உறவு கொண்டாடலாம். மல்லாக்கப் படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவி, பேனா மாதிரி இருக்கும் புரோப்பை வைத்து அழுத்துகிறார்கள். ‘டக்’ என்று ஒரு தட்டு. “யாரோ விரலால சுண்டுற மாதிரி இருக்கும்மா” என்றான். டெக்னீஷியன், “ஆடாம இரு தம்பி, இன்னும் ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே 10 அளவு எடுத்துவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நம்பரை ஒப்பிடுவதில்தான் சூட்சுமம். முதலாவது, வயிறு காலியாக இருக்க வேண்டும், குறைந்தது 3 மணி நேரம். சாப்பிட்டால் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போய் இறுக்கம் ஏறிக் காட்டும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போண்டா கேட்பவனை இழுத்துக்கொண்டு போவதுதான் இந்தச் சோதனையிலேயே கஷ்டமான பகுதி. இரண்டாவது, புரோப். மார்புச் சுற்றளவு 45 செ.மீ.க்குக் கீழே எஸ்1, 75 வரை எஸ்2, அதற்கு மேல் எம். ஒரே பிள்ளைக்கு எஸ் புரோப்பில் எடுத்தால் எம்-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பிள்ளை வளர்ந்து புரோப் மாறும் வருடத்தில் நம்பர் இறங்கினால், கல்லீரல் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, ரிப்போர்ட்டில் ஐ.க்யூ.ஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். அது 30-க்குள் இருந்தால்தான் அளவுகள் சிதறவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் போன ஸ்கேன் சென்டரில் முதலில் கொடுத்த தாளில் மீடியன், அதாவது எடுத்த அளவுகளின் நடு நம்பர் மட்டும்தான் இருந்தது. எந்தப் புரோப், ஐ.க்யூ.ஆர் எவ்வளவு என்று கேட்டதற்கு, “டாக்டருக்கு இதுவே போதும்மா” என்றார்கள். கவுண்ட்டரிலேயே நின்று, முழுப் பிரின்ட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அடுத்த வருடம் ஒப்பிட அந்தத் தாள்தான் வேண்டும்.

ஷியர் வேவ் இதற்கு நெருங்கிய போட்டி. அல்ட்ராசவுண்ட் மெஷினிலேயே வருவதால் படத்தைப் பார்த்துக்கொண்டே எந்த இடத்தை அளக்கிறோம் என்று குறி வைக்கலாம். வயிற்றில் நீர் கோத்த பிள்ளைக்கு ஃபைப்ரோஸ்கேன் சரியாக வராது, அங்கே இதுதான் கைகொடுக்கும். எனக்கு இருந்த தயக்கம், கம்பெனிக்குக் கம்பெனி மெஷினின் நம்பர் வேறுபடும் என்பது. அடுத்த வருடம் அதே சென்டரில் அதே மெஷின் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? ஒரே மெஷினில் தொடர்ந்து பார்த்துத் தர ஒரு ரேடியாலஜிஸ்ட் உங்களுக்கு அமைந்தால் இதையே எடுக்கலாம், நஷ்டமில்லை.

ஃபைப்ரோஸ்கேனுக்கும் ஆகாத நேரம் உண்டு. மஞ்சள்காமாலை அடித்து எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் நிற்கும்போது எடுத்தால், வீக்கத்தையே தழும்பு மாதிரி காட்டிவிடும். பித்தம் அடைபட்டிருந்தாலும் அப்படித்தான். உடம்பு தேறிய பிறகுதான் அதற்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கான 7, 12 மாதிரி எல்லைக்கோடுகளை அப்படியே பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பதும் சரிவராது. எங்கள் பையனுக்கு 5.6 வந்தது. டாக்டரம்மா அந்த நம்பரை வைத்து மட்டும் பேசவில்லை. எஸ்ஜிபிடி, பிளேட்லெட், மண்ணீரல் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான், “இப்ப பயாப்ஸி வேணாம், ஒரு வருஷம் கழிச்சு திரும்ப எடுங்க” என்றார்.

கைக்குழந்தைக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போனால், கீழாநெல்லி அரைப்பதும் வேண்டாம், எந்த ஸ்கேன் நல்லது என்று தேடுவதும் வேண்டாம். அன்றைக்கே ரத்தத்தில் டைரக்ட் பிலிரூபின் பார்த்துவிட்டு, குழந்தை அறுவை சிகிச்சைத் துறை இருக்கிற ஜிப்மர் போன்ற இடத்துக்குக் கிளம்ப வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்குச் செய்யும் கசாய் அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.