அம்மாபேட்டையில் தைத்த கொடி

ஏற்காட்டில் நான் பணியாற்றும் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், சமூக அறிவியல் கண்காட்சிக்காக ஸ்பானிய மொழி பேசும் நாடு ஒன்றைத் தாங்களே படைத்தார்கள். சியெர்ரா கிளாரா என்று பெயரிட்ட அந்த நாட்டுக்குக் கொடி தைத்துக் கொடுத்தது, சேலம் அம்மாபேட்டையில் உள்ள ஒரு சிறிய கணினி எம்பிராய்டரிக் கடை. கட்சிக் கொடியும் கோயில் கொடியும் பள்ளிச் சட்டைகளுக்கான முத்திரையுமே அங்கே அன்றாட வேலை. எந்த வரைபடத்திலும் இல்லாத நாட்டின் கொடியைப் பொருட்படுத்துவார்களா என்ற தயக்கத்தோடுதான் படியேறினேன்.

1821 செப்டம்பர் 15 அன்று ஸ்பெயினிடமிருந்து பிரிந்த மத்திய அமெரிக்க நாடுகளில் குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா ஆகிய நான்கும் இன்றும் நீலம், வெள்ளை, நீலம் என்ற பட்டைகளையே பறக்கவிடுகின்றன. கோஸ்டா ரிக்கா 1848இல் நடுவே சிவப்பைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் மாணவர்கள் அந்த நீலத்தை வேண்டாமென்று விட்டு, காப்பி இலையின் பச்சை, மூடுபனியின் வெள்ளை, பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையில் வளரும் பிள்ளைகள் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? மலையாளிப் பழங்குடிக் குடும்பத்து மாணவி ஒருத்திதான், ஸ்பானியம் கப்பலில் வந்த மொழி என்றால் அதற்கு முன்பே சியெர்ரா கிளாராவின் மலையில் இருந்தவர்களுக்குக் கொடியில் இடம் எங்கே என்று கேட்டாள். 1992 அரசியலமைப்பில் ஸ்பானியத்தோடு பழங்குடி மொழியான குவாரானியையும் ஆட்சிமொழியாக்கிய பராகுவேயை அவளுக்குக் காட்டினேன். அந்த நாட்டுக் கொடியின் முன்புறச் சின்னம் வேறு, பின்புறச் சின்னம் வேறு என்பதைக் கண்டதும் வகுப்பே முடிவெடுத்துவிட்டது: முன்புறம் காப்பிக் கிளையும் ஸ்பானிய வாசகமும், பின்புறம் மலைமக்களின் மக்காச்சோளக் கதிர்.

கடைக்காரர் படத்தை நெடுநேரம் பார்த்தார். “ஒரே துணியில ஆகாதுங்க டீச்சர், ஒரு பக்கத்துத் தையல் மறுபக்கம் இடம் வலமா மாறி நிக்கும்” என்று சொல்லி, முடிச்சும் நூலுமாகக் கிடந்த ஒரு முத்திரையின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பாப்ளின் துணிகளில் தனித்தனியே எம்பிராய்டரி போட்டு, நடுவே மெல்லிய கேன்வாஸ் வைத்து ஓரம் அடிக்கலாம் என்பது அவர் யோசனை. கொடி சற்றுக் கனமாகும், காற்றில் அவ்வளவாக அசையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை நேர்ந்தது வாசகத்தில். ‘மொந்தாஞா, மாத்ரே நுவெஸ்த்ரா’, அதாவது ‘மலையே எங்கள் தாய்’ என்பது நாட்டின் குறிக்கோள். அதில் வரும் ‘எஞே’ (ñ) என்ற எழுத்து, நம் ஞகரத்தின் ஒலியை உடையது. ஞாயிறு என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது ஒரே நாளில் வந்துவிட்டது. இடைக்காலத்தில் ஏடு எழுதியவர்கள் இரட்டை ‘என்’னைச் சுருக்கி, ஒன்றன் தலைமேல் மற்றொன்றைச் சிறிதாக எழுதியதிலிருந்து பிறந்த நெளிகோடுதான் அதன் அடையாளம். பஞ்சிங், அதாவது படத்தை எம்பிராய்டரி இயந்திரத்துக்கான கணினிக் கோப்பாக மாற்றும் வேலை, செய்தவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், முதல் மாதிரியில் நெளி விடுபட்டுப்போனது. நெளி விடுபட்டால் மலை மறைந்து, மொன்டானா என்ற அமெரிக்க மாநிலத்தின் பெயரே கொடியில் நிற்கும். 1991இல் இந்த எழுத்து இல்லாத விசைப்பலகைகளையும் விற்க வழிவிட வேண்டும் என்று ஐரோப்பியச் சமூகம் வற்புறுத்தியபோது, ஸ்பெயின் இணங்காமல், 1993இல் அரசாணை பிறப்பித்தே அதைக் காத்துக்கொண்டது. இதையெல்லாம் சொன்னபோது கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. “நம்ம ழகரத்த எடுத்துட்டாத் தமிழ்னே எழுத முடியாதே, அது மாதிரிங்களா?” என்று கேட்டுவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, அந்த நெளியைக் கையாலேயே தைத்தார். இயந்திரத் தையலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது. நூல் சற்றுத் தடித்து, மேலெழுந்து நிற்கிறது. மாணவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அதைத்தான்.

நான்கடிக்கு ஆறடிக் கொடிக்குப் பஞ்சிங் கூலியும் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. நெளிக்காக இரண்டு நாள் தாமதம். கூடுதல் கூலி கேட்கவில்லை.

என் உண்மையான வருத்தம் சாயத்தைப் பற்றியது. கண்காட்சியன்று காலைத் தூறலில் கொடி நனைந்ததும் சிவப்பு கசிந்து, வெள்ளைப் பட்டையின் கீழ்விளிம்பில் விரற்கடை அகலத்துக்கு இளஞ்சிவப்பு படிந்துவிட்டது. படம் அனுப்பிக் கேட்டபோது, பட்டையை மாற்றித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு வாசகம் முழுவதையும் பிரிக்க வேண்டுமாம், நெளி உட்பட. மாணவர்கள் பிரிக்க விடவில்லை. மலைப்பகுதிக்குக் கொடி தைக்கக் கொடுப்பவர்கள், சாயம் போகாத துணிதானா என்பதை ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.